ஆச்சியின் சனிக்கிழமைகள்

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்த கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டில் கதவுகள் சாத்தப்படும் சத்தம் கேட்கும். முதலில் சந்துப் பக்கத்து ஜன்னலின் இரண்டு பலகைகள். பிறகு வளவை, அதாவது வீட்டின் நடுமுற்றத்தைப் பார்த்த அறைக்கதவு. அது பர்மா தேக்கு. சாத்தும்போது அதிராது, பெருமூச்சு விட்டதுபோல் கொஞ்சம் காற்று வெளியே தள்ளப்படும், அவ்வளவுதான். கடைசியாக உள்தாழ்ப்பாள் குழிக்குள் விழும். பின்கட்டில் பரீட்சைத் தாள்களைத் திருத்தியபடி நான் அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். என் மகள் அந்தக் கதவுக்குள்ளே இருப்பாள். வெயிலில் அலையாமல், கிணற்றடிக்குப் போகாமல், தெரிந்தவர் அறையில் பிள்ளை பத்திரமாக இருக்கிறது என்பதற்கு அந்தத் தாழ்ப்பாள் சத்தமே எனக்குச் சாட்சி. இப்போது பக்கத்து வீட்டில் ஒரு தாழ்ப்பாள் விழுந்தாலும் என் மகளைக் கூப்பிட்டுப் பார்க்கிறேன்.

அறுபதுகளின் நடுவில் எனக்குக் காரைக்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் சரித்திர ஆசிரியை வேலை கிடைத்தது. என் கணவருக்கு மதுரையில் அலுவலகம். ஞாயிறு காலை வந்து திங்கள் முதல் பஸ்ஸில் போய்விடுவார். எங்கள் இரண்டு குடும்பமும் தேவகோட்டைப் பக்கம் விவசாயம் செய்கிறவர்கள். ஊரில் தனி வீடு பார்த்துக் குடியிருக்க எனக்குப் பயமாக இருந்ததால், ஒரு பெரிய செட்டியார் வீட்டின் பின்கட்டில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்தோம். அவ்வளவு பெரிய வீட்டில் அப்போது இருந்தவர்கள் மாமியாரும் மருமகளும் மட்டும்தான். மாமியாரைப் பெரிய ஆச்சி என்போம். மருமகளை வெறும் ஆச்சி. ஆச்சி என்றதும் வயதானவர் என்று நினைக்க வேண்டாம்; அந்தச் சமூகத்துப் பெண்களை மரியாதையாக அழைப்பது அப்படித்தான். அவருக்கு என்னைவிட ஒன்றிரண்டு வயது குறைவாகவே இருக்கும்.

ஆச்சியின் கணவருக்குப் பினாங்கில் வேலை. ஆச்சியும் சில வருஷம் அங்கே இருந்தவர்தான். மாமனார் இறந்து மாமியார் தனியானதும் இங்கே வந்துவிட்டார். குழந்தை இல்லை. இப்படியொரு பெண் அந்த வீட்டில் அழுதுகொண்டிருப்பாள் என்றுதான் குடிவந்தபோது நினைத்தேன். ஆச்சிக்கு அழ நேரமில்லை. வாரப் பத்திரிகைகள் வருகிற நாளில் கடைப் பையனுக்காக வாசலுக்கும் வளவுக்கும் நடந்துகொண்டிருப்பார். தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, மைதாப் பசை காய்ச்சி, பழைய காலண்டர் அட்டை வைத்து அவரே பைண்டு செய்வார். துப்பறியும் கதையென்றால் நான்காவது வாரத்திலேயே கொலைகாரன் யாரென்று சொல்லிவிட்டு, தன் ஊகம் சரியா என்று பார்க்க மற்ற வாரங்களைப் படிப்பார். சீட்டுக்கட்டை வைத்துத் தனியாளாக ஆடுவார். பினாங்கிலிருந்து வந்த ஒரு தகரப் பலகை இருந்தது. நட்சத்திர வடிவில் குழிகள். அதில் ஆறு நிறக் கண்ணாடிக் கோலிகளைத் தாண்டவைத்து எதிர் முனைக்குக் கொண்டுபோக வேண்டும். என் மகளை அந்த அறைக்குள் முதலில் இழுத்தது அந்தக் கோலிகள்தான். அப்போது அவளுக்கு எட்டு வயது.

இவை எல்லாவற்றையும்விட அவருக்குப் பிரியமானது கேக். பினாங்கில் பக்கத்து வீட்டுச் சீனப் பெண்ணிடம் கற்றுக்கொண்டாராம். வெண்ணெயையும் சர்க்கரையையும் ஒரே பக்கமாக அடிப்பதை என் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தபோது, அவர் முகத்தில் இருந்த தீவிரத்தை நான் பெரிய கச்சேரிகளில் வித்வான்களிடம்தான் பார்த்திருக்கிறேன். பொழுதுபோக்கு என்று நாம் லேசாகச் சொல்லிவிடுகிறோம். சிலருக்கு அது பொழுதைப் போக்குவதில்லை. பொழுதைப் பிடித்து நிறுத்திவைக்கிறது.

அந்த வீட்டில் முட்டை ஆகாது. மாமனார் போனதிலிருந்து பெரிய ஆச்சி சைவம்; கோவிலூர் மடத்துக்குப் போய்வருகிறவர். சமையல்கட்டில் முட்டை ஓடு கண்ணில் பட்டால் அடுப்பையே கழுவச் சொல்வார் என்று ஆச்சி சொன்னார். சொல்லிவிட்டுச் சுவரைத் தடவினார். செட்டிநாட்டுச் சுவர்கள் கண்ணாடிபோல் பளபளப்பதற்கு, சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவைக் கலந்து தேய்த்ததுதான் காரணம் என்பது எல்லாருக்கும் தெரியும்.

“பாத்தீகளா டீச்சர்? செவுரு முட்டை திங்கலாம். நான் திங்கக் கூடாது” என்றார்.

அதனால் கேக் அவருடைய அறைக்குள் வெந்தது. இந்த வீடுகளில் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவை ஒட்டி ஓர் அறை கொடுப்பார்கள். சாவி மருமகளிடம் இருக்கும். தாய்வீட்டுச் சீராக வந்த பாத்திரங்கள் அதற்குள் அடுக்கியிருக்கும். மாமியார்கூடப் படியோடு நின்று பேசிவிட்டுப் போவாரே தவிர உள்ளே காலெடுத்து வைக்க மாட்டார். அந்த மரியாதைக்குள் ஆச்சி தன் அடுப்பை ஒளித்துக்கொண்டார். விறகு எரித்தால் புகை காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே கும்மட்டி அடுப்பில் மரக்கரி. அதன்மேல் சீராக வந்த பித்தளை அண்டா, உள்ளே ஆற்று மணல், மணல்மேல் கேக் தட்டு, மூடியின்மேலும் கொஞ்சம் தணல். வாசம் வெளியே போகக் கூடாது, காற்றுப் பட்டால் கேக் நடுவில் அமுங்கிவிடும் என்ற இரண்டு காரணங்களுக்காக ஜன்னலும் கதவும் சாத்தியாக வேண்டும். கதவின் அடியில் இருந்த இடைவெளியில் ஒரு பழைய கண்டாங்கிச் சேலையைச் சுருட்டி அடைத்துவிடுவார். புகைதானே கெடுதல், கரியில் புகையே கிடையாதே என்பார். நானும் எட்டிப் பார்த்திருக்கிறேன். உண்மைதான். காற்று தெளிவாக இருந்தது. தணல் மட்டும் செக்கச்செவேலென்று, ஒரு சத்தமுமில்லாமல்.

முதலில் தலைவலி வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் ஆச்சி நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு வளவில் உட்கார்ந்திருப்பார். இருட்டு அறையில் எழுத்துக் கூட்டிக்கொண்டே கிடந்தால் மண்டை வலிக்காமல் என்ன செய்யும் என்று பெரிய ஆச்சி கதைப் புத்தகங்களைத் திட்டினார். எங்களுக்கும் அது நியாயமாகப் பட்டது. ஆச்சி மதுரைக்குப் போய்க் கண் பரிசோதித்து ஒரு கண்ணாடி வாங்கிவந்தார். கண்ணாடி போட்டபின் தலைவலி விட்டுவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னார். நல்ல வெண்ணெய் கிடைக்காமல் அந்த மாதம் முழுக்க அவர் கேக் செய்யவில்லை என்பதை யாரும் அதோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

என் மகளும் சனிக்கிழமை ராத்திரி சாப்பிடாமல் தூங்கிப்போக ஆரம்பித்தாள். ஒரு தடவை வாந்தி எடுத்தாள். முட்டையும் வெண்ணெயும் பிள்ளைக்குச் செரிக்கவில்லை என்று முடிவு செய்து, ஒரு துண்டுக்குமேல் தொடக் கூடாது என்று கட்டளை போட்டேன். நான் ஒரு பயந்தாங்கொள்ளித் தாய். என் கணவர் அதற்காகக் கேலி செய்வதுண்டு. ஆனால் என் பயமெல்லாம் தட்டில் இருந்த துண்டின்மேல்தான் இருந்தது. சாப்பிடுவதைப் பார்த்துப் பயப்படத் தெரிந்தது. மூச்சு விடுவதைப் பார்த்துப் பயப்பட எந்தத் தாய்க்குத் தோன்றும்?

ஒரு நாள் அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது சொன்னாள்: “மொத ஆட்டத்துல ஆச்சி என்னைய ஓட ஓட வெரட்டுறாகம்மா. கடைசி ஆட்டத்துல அவுக கோலி எதுன்னே அவுகளுக்குத் தெரியல.” பிள்ளையை ஜெயிக்கவைக்க ஆச்சி வேண்டுமென்றே தோற்கிறார் என்று நினைத்து, அந்த நல்ல மனசைப் பற்றி என் கணவரிடம்கூடச் சொன்னேன்.

அப்புறம் அந்தப் பல்லி. ஒரு சனிக்கிழமை, அறையின் மேல்சுவரில் இருந்த பல்லியொன்று ஆச்சியின் இடது தோள்மேல் விழுந்து அங்கிருந்து தரையில் விழுந்தது. வாலைக்கூட ஆட்டவில்லை. செத்துவிட்டது என்று என் மகள் அதை அட்டையில் ஏந்தி வளவுக்குக் கொண்டுவந்தாள். மறைத்துச் செய்கிற காரியமெல்லாம் அந்த நிமிஷம் மறந்துபோய், நாங்கள் நான்கு பேரும் பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலன் பார்த்தோம். நல்ல பலன்தான் போட்டிருந்தது. அவர் கணவர் வரப்போகிறார் என்று பெரிய ஆச்சி அர்த்தம் சொன்னார். ஆச்சிக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தபோதே, செத்த பல்லி அசைந்து, தலையைத் தூக்கி, வளவின் தூணில் விறுவிறுவென்று ஏறிப் போனது. அந்த அறையின் காற்றுக்கும் பல்லிக்கும் சம்பந்தம் உண்டா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் தோளில் விழுந்ததற்கு அர்த்தம் தேடிய எங்களில் ஒருவருக்கும், அது ஏன் விழுந்தது என்று கேட்கத் தோன்றவில்லை.

பலன் பலித்தது. தீபாவளிக்கு வருவதாக ஆச்சியின் கணவரிடமிருந்து தகவல் வந்தது. தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு சனிக்கிழமை விடியற்காலையிலிருந்தே மழை. அரைநாள் பள்ளி முடிந்து நனைந்து வந்த என்னை வளவில் நிறுத்தி, ஆச்சி குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “இன்னிக்கு ரெண்டு அடுப்பு டீச்சர். ஒண்ணு அவுகளுக்குச் செஞ்சு பாக்குறது. ஒண்ணு உங்களுக்கு.” என் மகள் ஏற்கெனவே உள்ளே போய்ப் பலகையை எடுத்து வைத்துவிட்டாள். ஜன்னல் சாத்தப்பட்டது. கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

மழைச் சத்தத்துக்கு நடுவிலும் தகரப் பலகையில் கோலி உருளுவது வெகுநேரம் கேட்டது. பிறகு நின்றது. இருவரும் படிக்கிறார்கள் என்று நினைத்தேன். ஆச்சி கதை வாசித்தால் வீடே கேட்கும்படி வாசிப்பார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. தாள்களைத் திருத்திக்கொண்டே இருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக ஒரு வாசம் வந்தது. முதலில் நல்ல வாசம். பிறகு கருகல்.

நான் எழுந்து வளவுக்கு வந்தபோது எதிர்ப்பக்கத்திலிருந்து பெரிய ஆச்சி கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். ஆச்சியின் குட்டு இன்று உடைந்தது என்றுதான் எனக்குப் பதறியது. அந்தக் கடைசி நிமிஷத்திலும் நான் தவறான ஆபத்துக்குப் பயந்துகொண்டிருந்தேன். பெரிய ஆச்சி தடியால் கதவைத் தட்டினார். பதில் இல்லை. மறுபடி தட்டினார். என் மகளை நான் கூப்பிட்டேன். உள்ளே தரையோடு தரையாக ஏதோ உரசியது. குனிந்து பார்த்தேன். கதவின் கீழே அடைத்திருந்த சேலை அங்கே இல்லை. அது இருந்த இடத்தில் என் பிள்ளையின் தலைமுடி தெரிந்தது. தூக்கம் வந்து, அந்தச் சேலையை உருவித் தலைக்கு வைத்துக் கதவோரமே படுத்துவிட்டாள். அந்த இடைவெளி வழியாகத்தான் அவளுக்கு மூச்சும் எங்களுக்குக் கருகல் வாசமும் வந்திருக்கின்றன.

அந்தக் கதவை உடைக்க அங்கே ஆளும் இல்லை. அது உடைகிற கதவும் இல்லை. நான் தரையில் விழுந்து, கண்ணே, ராசாத்தி, எந்திரிடா என்று அழுதேன். அவள் முனகினாள், மறுபடி அடங்கிப்போனாள். அப்போது பெரிய ஆச்சி என் தோளில் தடியால் ஒன்று வைத்தார்.

“அழுகாதீக டீச்சர். அழுதாத் தாலாட்டு மாதிரி இருக்கும், பிள்ளை தூங்கிரும். வையுங்க. நல்லா வையுங்க.”

எங்கிருந்து அந்தக் குரல் வந்ததென்று தெரியவில்லை. வகுப்பில் கடைசி பெஞ்சு பேசும்போது வருகிற என் குரல். “எழுந்திரு. யார் உன்னைத் தூங்கச் சொன்னது? எழுந்து நில்!” உள்ளே அசைவு. விழுகிற சத்தம். “நில்லுன்னு சொன்னேன்ல!” மறுபடி அசைவு. “கையைத் தூக்கு. தாழ்ப்பாளைப் பிடி. மேலே தூக்கு.” இரும்பு உரசியது, நின்றது. பெரிய ஆச்சியும் சேர்ந்து திட்டினார். எருமை என்றார், சோம்பேறிக் கழுதை என்றார், அவர் வாயில் நான் கேட்டேயிராத வார்த்தைகளெல்லாம் சொன்னார். தாழ்ப்பாள் மேலே எழும்பியது. கதவைத் தள்ளினேன். மகள் என் காலில் சரிந்தாள். உதடு மட்டும் வெற்றிலை போட்டதுபோல் சிவந்திருந்தது.

அவளைத் தூக்கிக்கொண்டு வளவின் நடுவே, மழை நேராக விழுகிற இடத்துக்கு ஓடினேன். பெரிய ஆச்சி மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு அந்த அறைக்குள் முதல் தடவையாகக் காலெடுத்து வைத்து, ஜன்னலைத் திறந்து, சந்தில் போனவர்களைக் கூவி அழைத்தார். ஆச்சி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண்ணாடி மூக்கில் இருந்தது. உள்ளங்கையில் ஒரு நீலக் கோலி. ஆட்டத்தில் அடுத்தது அவர் முறைபோல.

பெரியாஸ்பத்திரி டாக்டர் பொறுமையாக விளக்கினார். சாத்திய அறையில் எரிகிற கரி, இருக்கிற நல்ல காற்றைத் தின்றுவிட்டு, நிறமும் மணமும் இல்லாத ஒன்றை விட்டுக்கொண்டே இருக்குமாம். அது ரத்தத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டால் மூச்சு வாங்கினாலும் அது மூச்சில்லையாம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். என் மகள் இரண்டாம் நாள் கஞ்சி கேட்டாள். ஆச்சி கண் விழிக்க அதிக நாளாயிற்று. விழித்தவர் பழைய ஆச்சி இல்லை. பழைய நாட்களெல்லாம் ஞாபகம் இருந்தன. புதிதாக எதுவும் தங்கவில்லை. படித்த பக்கத்தைத் திருப்பினால் முன்பக்கம் மறந்துபோய்விடும். கோலியைக் கையில் எடுத்துவிட்டு யார் முறை என்று கேட்பார். கணவர் தீபாவளிக்கு வந்தார். தினமும் காலையில் அப்போதுதான் வந்ததுபோல் அவரை வரவேற்றாராம்.

அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு நாள் பெரிய ஆச்சி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு சொன்னார்.

“எனக்கு மூக்கு இல்லையா டீச்சர்? மொத நாளே தெரியும். அண்டாவுல மணலு கெடக்குறதும் தெரியும். ஒளிச்சுத் திங்கிறதுல ஒரு ருசி இருக்கே, சின்னஞ்சிறுசு, அதக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்.”

யாருக்காக அந்தக் கதவு சாத்தப்பட்டதோ, அவர் எல்லாம் தெரிந்தே பேசாமல் இருந்திருக்கிறார். இருவருமே ஒருவரையொருவர் நோகடிக்காமல் இருக்கத்தான் பார்த்தார்கள். அந்தக் கரிசனம்தான் அறைக்குள் நிறைந்துகொண்டே இருந்திருக்கிறது.

நாங்கள் மானகிரிப் பக்கம் ஜன்னல்கள் நிறைய உள்ள ஓர் ஓட்டுவீட்டுக்கு மாறினோம். பல வருஷங்கள் என் மகளை அந்தத் தெருவுக்கே விடவில்லை. மழைக்காலத்திலும் ஜன்னலைச் சாத்த விடமாட்டேன். தூங்குகிறவள் மூக்கின் அருகே விரல் வைத்துப் பார்ப்பேன். அவள் விழித்துக்கொண்டு திட்டுவாள். இந்த வருஷம் கல்லூரியில் சேர்ந்ததும், ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, “நான் ஆச்சியப் பாக்கப் போறேம்மா. நீங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி” என்றாள். குரலில் என் வகுப்புக் குரல் இருந்தது. மறுத்துப் பேச முடியவில்லை.

இப்போது சனிக்கிழமைதோறும் போகிறோம். வளவின் நடுவில், வானம் பார்த்த இடத்தில் கும்மட்டி அடுப்பு இருக்கிறது. முட்டையைப் பெரிய ஆச்சியே ஆள்விட்டு வாங்கிவைக்கிறார். அவர் தொடுவதில்லை, ஆனால் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து விசிறுகிறார். ஆச்சியின் கைகள் எதையும் மறக்கவில்லை. ஒரே பக்கமாக அடிக்கின்றன, பதம் பார்க்கின்றன, தட்டில் ஊற்றுகின்றன. கேக் வேகிறபோது, அந்த மழைநாளுக்குப் பிறகு வந்து, பழைய கைப்பழக்கத்தில் அவர் பைண்டு செய்த தொடர்கதையை என் மகள் அறையில் உட்கார்ந்து அவருக்கு வாசிக்கிறாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே கதை, அதே முதல் அத்தியாயம். அவருக்கு ஒவ்வொரு தடவையும் புதிது. பாதியில் நிறுத்தி, “கணக்கப்பிள்ளைதான் கொன்னுருக்கான், பாரு” என்பார். அவர் சொல்வது சரிதான். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று என் மகள் ஆச்சரியப்படுகிறாள். ஒவ்வொரு தடவையும், உண்மையாகவே ஆச்சரியப்படுவதுபோல.

நான் உள்ளே போவதில்லை. வளவில் தூணோரம் உட்கார்ந்துகொள்கிறேன். அறைக்கதவு அகலத் திறந்திருக்கிறது. ஜன்னல் வழியாகச் சந்தின் வெயில் தரைவரை விழுகிறது. பயப்பட ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். மகளின் குரல் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. வரி முடிந்து அவள் பக்கம் திருப்புகிறாள். குரல் நிற்கிறது. ஒரு நொடிதான். அதற்குள் நான் எழுந்து நின்றுவிடுகிறேன்.